கீழே, சின்ன எழுத்தில்

பாத்த மொகமா இருக்கேன்னுதானே பாக்குறீங்க? பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க. வண்டி ஏறுனதுல இருந்து நீங்க என்னைய ஓரக்கண்ணால பாக்குறதும், நான் திரும்புனா சன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிறதுமா இருக்கீங்க. எனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு. நீங்க மண்டையப் போட்டுக் கொழப்பிக்க வேணாம், நானே சொல்லிர்றேன். போன தை மாசம் திருமங்கலத்துல இருந்து உசிலம்பட்டி வரைக்கும் செவத்துக்குச் செவரு செத்துக் கெடந்தது நாந்தான்.

அட, தள்ளி உக்காராதீங்க. உசுரோடதான் இருக்கேன். அது சினிமாப் போஸ்டரு.

நீங்களும் நம்பிட்டீங்கள்ல? ஊரே நம்புச்சு தம்பி. அதுதான் எனக்குக் கேவலமா இருக்கு. ஒருத்தனாவது, 'செவனாண்டியா, நேத்துச் சாயங்காலம்கூட கடையில உக்காந்திருந்தானே, அவனுக்கு என்ன கேடு'ன்னு கேட்டிருக்கலாம்ல? கேக்கல. மொகத்தப் பாத்தாய்ங்க, 'அடப் பாவமே'ன்னாய்ங்க, அவிங்கவிங்க சோலியப் பாத்துப் போயிட்டாய்ங்க.

நான் திருமங்கலத்துல கிரைண்டர் ரிப்பேர்க் கடை வச்சிருக்கேன். கல்லு கொத்துவேன், மோட்டாரு பாப்பேன். கடைக்கு நேர் எதுத்தாப்ல தியேட்டர் செவரு. காலையில ஷட்டரத் தூக்குனா மொதல்ல கண்ணுல படுறது போஸ்டருதான், சாமி படமெல்லாம் அப்புறந்தான். அதனால சொல்றேன், போஸ்டரப் பத்தி எங்கிட்டக் கேளுங்க. படம் எடுக்குறவன் கிட்டக் கேக்காதீங்க, அவன் ஆபீசுல குளுகுளுன்னு உக்காந்து பாக்குறான். நான் வெயில்ல பாக்குறேன், பாக்குறவனையும் சேத்துப் பாக்குறேன்.

போஸ்டருங்கறது நிக்கிறவனுக்கு இல்ல தம்பி, போறவனுக்கு. இந்தா, நம்மள மாதிரி பஸ்ல போறவனுக்கு. கண்ணு ஒரு தடவ விழுகும், அம்புட்டுத்தான். அதுக்குள்ள ஒரு மொகம் அவனத் திருப்பிப் பாக்கணும். எட்டு மொகத்தப் போட்டு, மேல ஒரு ஹெலிகாப்டரு, கீழ ஒரு காரு, நடுவுல தீயின்னு வச்சா, சந்தையில புள்ளையத் தொலச்சவ மாதிரி முழிச்சுட்டுப் போயிருவான். அருவாளும் ரத்தமும் போட்டா எளவட்டப் பயக நிப்பாய்ங்க. ஆனா இடுப்புல புள்ளையோட வர்ற பொம்பள அந்தப் பக்கம் திரும்பவே மாட்டா. புள்ள கண்ணப் பொத்திக்கிட்டு நடையக் கட்டுவா. அப்புறம் தியேட்டரு எப்பிடி நெறையும்? இன்னொண்ணு, ஹீரோ கண்ணு நம்மளப் பாக்கணும். வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறவன நாம எதுக்குப் பாக்கணும்கிறேன். பல்லு பூராத்தையும் காட்டிச் சிரிச்சாலும் வேலைக்காகாது, பல்பொடி வெளம்பரம்னு நெனச்சுருவாய்ங்க.

இதெல்லாம் சும்மா சொல்லல. எங்க அக்கா மகன் ரூபன் மெட்ராசுல சினிமாவுல இருக்கான். மொதப் படம், பெரிய நடிகரு கெடையாது, கையில வெளம்பரத்துக்கு வக்கு கெடையாது. கடையில வந்து உக்காந்துக்கிட்டு, 'மாமா, நீங்கதான் இந்தச் செவத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, சனங்க எந்தப் போஸ்டர நின்னு படிக்கிறாங்க'ன்னு கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'எந்தச் சினிமாப் போஸ்டரையும் நின்னு படிக்க மாட்டான்டா மாப்ள. நின்னு படிக்கிறது கண்ணீர் அஞ்சலி போஸ்டரத்தான். சைக்கிள்ல போறவன்கூட காலு ஊண்டி, யாரு, எந்தூரு, என்ன வயசுன்னு பாத்துட்டுத்தான் போவான்'னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அது ஒரு குத்தமா? அவனுக்கு எங்க போச்சு புத்தி? எல்லாம் அவன் பண்ணுனதுதான்.

ஒரு வாரம் கழிச்சு திரும்ப வந்தான். 'மாமா, உங்க மொகம் வேணும், போஸ்டர்ல நடுவுல உங்களத்தான் போடப்போறோம்'னான். நடுவுல! எனக்குக் காலு தரையில நிக்கல. முடி வெட்டுற கடையில சொன்னேன், டீக்கடையில சொன்னேன், கிரைண்டர் தூக்கிட்டு வந்த பொம்பளைக ஒருத்தி விடாம சொன்னேன். எம்பொண்டாட்டி பஞ்சவர்ணம் மட்டும், 'உங்க மூஞ்சியப் பாத்து எவன் சினிமாவுக்கு வருவான்'னு சிரிச்சா. பொறாமைன்னு நெனச்சேன்.

வெள்ளச் சட்டையப் போடச் சொன்னான். நெத்தியில சந்தனம் வச்சு விட்டான். நான் சிரிச்சேன், சிரிக்காதீங்கன்னான். மொறச்சேன், மொறைக்காதீங்கன்னான். 'ஒண்ணுமே நெனைக்காம நில்லுங்க மாமா'ன்னான். அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும். ஒண்ணுமே நெனைக்காம நிக்கிறவன் யாரு? ஒறைக்கல.

பொங்க முடிஞ்சு நாலஞ்சு நாளு இருக்கும். ராத்திரியோட ராத்திரியா ஒட்டிட்டாய்ங்க. மேல ரெண்டு கண்ணு, தண்ணியாக் கொட்டுது. ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு. 'கண்ணீர் அஞ்சலி'ன்னு கொட்டை எழுத்து. நடுவுல நானு. பேரு படத்துல வர்ற ஆளு பேரு, பெரியவர் முத்துக்காளைன்னு. பேர யாரு பாத்தா? மொகத்தப் பாத்தாய்ங்க. கீழ, அடியில, எறும்பு ஊர்ற மாதிரி சின்ன எழுத்துல 'விரைவில் உங்கள் அபிமானத் திரையரங்குகளில்'னு போட்டிருக்கு. அத யாரு பாத்தா?

காலையில நான் வீட்டுல தலைக்கு டை அடிச்சுக்கிட்டு நிக்கிறேன். மொத ஆளா பந்தக்காரன் வந்துட்டான். எங்கிட்டயே, 'அண்ணே, சாமியானா எந்தப் பக்கம் போடணும்'னு கேக்குறான். என் தலைக்கு மேல பாத்துக்கிட்டுக் கேக்குறான் தம்பி, மொகத்தப் பாக்கல. அடுத்து ஒரு பொம்பள மூச்சு வாங்க ஓடியாந்து, 'எங்க கிரைண்டரு கடைக்குள்ள மாட்டிக்கிருச்சே, இனி கடைய யாரு தெறப்பா'ங்குறா. எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீரு? மூச். ரூபனும் வந்து வாசல்ல நின்னு, 'மாமா, ஊரே பேசுது, போஸ்டர் ஹிட்டு'ங்குறான். ஏன்டா எம்மூஞ்சியப் போட்டேன்னு சட்டையப் பிடிச்சேன். 'நடிகரப் போட்டா நடிகருன்னு தெரிஞ்சுரும் மாமா. உங்க மொகத்தப் பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது'ன்னான்.

பாராட்டுறானாம். எனக்கு அந்த எடத்துலயே பூமி பொளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

இது போதாதுன்னுதான் என் மச்சான் வந்தாரு. பஞ்சவர்ணத்துக்குக் கூடப் பொறந்த அண்ணன், ஒச்சப்பன். உசிலம்பட்டி தாண்டி உள்ள போகணும் அவுக ஊருக்கு. அங்கதான் இப்பப் போறேன். அது கெடக்கட்டும், வர்றேன்.

நானும் பஞ்சவர்ணமும் அவுக வீட்டுக்குத் தெரியாம கோயில்ல வச்சுத் தாலி கட்டிக்கிட்டவங்க. 'இனி எனக்குத் தங்கச்சியே இல்ல'ன்னு சொல்லிட்டாரு மச்சான். சொன்னவரு சொன்னதுதான், ஒரு பொங்கலுக்குச் சீரு வந்ததில்ல. நம்ம பக்கம் தெரியும்ல, கரும்பும் அரிசியும் சேலையும் அண்ணன் தம்பி கொண்டாந்து வாசல்ல எறக்கணும். அதுல இருக்குற சாமானு பெருசில்ல, எம்பொறந்த வீடு இருக்குன்னு தெருவுக்குக் காட்டுறதுதான் பெருசு. பஞ்சவர்ணம் வருசா வருசம் பொங்க அன்னைக்கு வாசல ரெண்டு தடவ கூட்டுவா. எதுக்குடின்னா, தூசிம்பா. நான் அவரக் கண்டமேனிக்கு வைவேன், அவ வாயே தெறக்க மாட்டா.

நல்லதுக்குக் கூப்பிட்டாப் போகணும், கெட்டதுக்குக் கேட்டாலே போகணும்னு சொல்லுவாகள்ல. எம்போஸ்டரு அவுக ஊரு முக்குலயும் ஒட்டியிருக்கு. விடியப் பாத்திருக்காரு. மொத பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டாரு. தெரு முனையிலயே சத்தம் கேக்குது. 'எந்தங்கச்சிய இப்பிடித் தனியா விட்டுட்டுப் போயிட்டியே மாப்ளே'ன்னு, மாரடிச்சுக்கிட்டு, அம்மாம் பெரிய ஆம்பள, ஒத்தச் செருப்போட வர்றாரு. இன்னொரு செருப்பு எங்க விழுந்துச்சோ. கையில மஞ்சப் பையி.

அந்தத் தெருவுல எனக்குன்னு அழுதது அந்த ஒத்த மனுசன்தான் தம்பி. நான் இம்புட்டு வருசமா நாக்குல பல்லு படாம வஞ்ச மனுசன்.

நான் வெளிய வந்தேன். தலையில டை ஒழுகுது. என்னையப் பாத்தாரு. அப்பிடியே நின்னுட்டாரு. கண்ணுல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கு, வாயி சிரிக்குது. 'உசுரோட இருக்கீகளா மாப்ள? சாமி, எனக்கு அது போதும்'னாரு.

அங்கனயே நான் 'வாங்க மச்சான்'னு ஒரு சொல்லு சொல்லியிருக்கணும். ஒரே ஒரு சொல்லு.

என் கண்ணு போனது பையி மேல. புருசன் செத்தா பொண்டாட்டிக்குப் பொறந்த வீட்டுல இருந்து கோடித்துணி கொண்டாருவாகள்ல, அந்தக் கோடி. நான் உசுரோட நிக்கிறேன், எம்பொண்டாட்டிக்குத் தாலியறுக்குற சேலை வாசல்ல நிக்குது. எவனுக்குத்தான் ஆகும், சொல்லுங்க? காலையில இருந்து பட்ட அசிங்கம் பூராம் தலைக்கு ஏறிப்போச்சு. ரூபன் மேல காட்ட வேண்டியது, பந்தக்காரன் மேல காட்ட வேண்டியது. 'சீரு கொண்டார வக்கில்ல, எம்பொண்டாட்டிக்கு வெள்ளச் சேல கொண்டாந்தியா'ன்னு பையப் பிடுங்கி சாக்கடையில வீசுனேன். தெருவே நின்னு பாக்குது. என் சாவுக்கு வராத கூட்டமெல்லாம் அதப் பாக்க வந்துருச்சு.

அவரு கும்பிட்டாரு, திரும்பி நடந்துட்டாரு. பச்சத் தண்ணிகூட குடிக்கல. 'அண்ணே'ன்னு பஞ்சவர்ணம் கூப்பிட்டா. அம்புட்டு வருசம் கழிச்சு அண்ணன் மொகத்த அவ பாத்தது அந்த ரெண்டு நிமிசந்தான். அவரு திரும்பல. தங்கச்சி மேல கோவத்துல இல்ல தம்பி. அழுத மூஞ்சிய இனி யாரும் பாக்க வேணாம்னுதான்.

அவ சாக்கடையில எறங்கி அந்தப் பைய எடுத்தா. சேலைய உதறுனா. வெள்ளச் சேல இல்ல தம்பி. கிளிப்பச்ச. அம்புட்டு விடியக்காலையில எந்த ஜவுளிக்கடை தெறந்திருக்கும்? அவரு பொண்டாட்டிக்கு எடுத்து, கட்டாம வச்சிருந்த நல்ல சேலைய அப்பிடியே எடுத்துட்டு ஓடியாந்திருக்காரு. நான் அதத்தான் வெள்ளச் சேலைன்னு ஊரு கேக்கச் சொன்னேன். இப்ப உங்ககிட்டச் சொல்லும்போதும் எனக்கு மூஞ்சி எரியுது.

நாலு தண்ணி அலசிக் கொடியில போட்டா. 'அண்ணன் கையால எனக்கு ஒரு சேல வராதான்னு இருந்தேன். வந்துச்சு'ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா. கட்டப் போனா, நாந்தான் கூடாதுன்னுட்டேன். 'கோடிச் சேலையக் கட்டி என்னைய நெசமாவே கொல்லப் பாக்குறியா'ன்னேன். மடிச்சு பீரோவுல வச்சுட்டா. அதுக்கப்புறம் எங்கூட சிரிச்சுப் பேசுறதில்ல. சோறு போடுவா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. எல்லாம் அந்தப் போஸ்டரு பண்ணுன வேல. கீழ இருந்த எழுத்த கொஞ்சம் பெருசாப் போட்டிருந்தா இது எதுவும் நடந்திருக்காது, நீங்களே சொல்லுங்க.

படமா? படம் மூணு நாளுகூட ஓடல. சாவு போஸ்டர நின்னு படிப்பான், அதுக்காக டிக்கெட்டா எடுப்பான்?

சித்திரையில ஒரு வேட்டி துண்டு எடுத்தேன். இந்தா, மடியில இருக்கே, இந்தப் பையிதான். மச்சான் கையில குடுத்து, கால்ல விழச் சொன்னாலும் விழுந்துரலாம்னு கெளம்புனேன். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஒரு டீயக் குடிச்சேன். கூப்பிடாத வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறதுன்னு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். ஆடி மொத வாரமும் அதே கதைதான். அதே டீக்கடை. மாஸ்டரு என்னைய அடையாளம் கண்டுக்கிட்டாரு, 'நீங்க செத்துப்போனவருதானே'ன்னாரு.

இன்னைக்கு ஏன் போறேன்னு கேக்குறீங்களா?

காலையில ஷட்டரத் தூக்குனேன். எதுத்த செவத்துல, அதே எடத்துல, ரெண்டு கண்ணு. ரெண்டு குத்துவெளக்கு. கண்ணீர் அஞ்சலி. நடுவுல மச்சான்.

இருங்க, இருங்க. அவசரப்படாதீங்க. எனக்கும் மொதல்ல திக்குனுதான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அன்னைக்கு அவரு அழுததப் பாத்துட்டு ரூபன் எங்கிட்டச் சொன்னான், 'என்ன மொகம் மாமா அது! அடுத்த படத்துக்கு அந்த மொகம் போதும்'னான். சொன்னானா இல்லையா? அவன் செய்யக்கூடிய ஆளுதான். மச்சான் வீட்டுக்கே போய், நைசாப் பேசி, படம் பிடிச்சிருப்பான். மச்சானும் வெகுளி, நின்னிருப்பாரு. ரூபனுக்குப் போனு போட்டேன், எடுக்கல. சூட்டிங்குல இருப்பான். அது தியேட்டர் செவரு வேற. தியேட்டர் செவத்துல சினிமாப் போஸ்டருதானே ஒட்டுவாய்ங்க?

ஒண்ணே ஒண்ணுதான் ஒட்டியிருக்கு.

ஆமா, அது எனக்கும் தெரியும். சினிமான்னா வரிசையா பத்து ஒட்டுவான். ஒண்ணு ஒட்ட மாட்டான். எங்கடைக்கு நேரா, நான் தெறந்தா பாக்குற மாதிரி, ஒண்ணே ஒண்ணு. அவுககிட்ட எங்க போன் நம்பரு கெடையாது. எங்ககிட்டயும் அவுக நம்பரு கெடையாது. தங்கச்சி இருக்குற ஊருன்னு யாராச்சும் வந்து ஒட்டிட்டுப் போனாகளோ என்னமோ.

கிட்டப் போய்ப் படிச்சிருக்கலாம். ரோட்டத் தாண்டுனா செவரு. காலு வரல தம்பி. இந்தப் பக்கம் நின்னே போன்ல ஒரு படம் எடுத்தேன். பக்கத்துக் கடைக்காரன் எம்பக்கமா வந்தான், வாயத் தெறந்து ஏதாச்சும் சொல்லிருவானோன்னு ஷட்டர எறக்கிட்டு பஸ்ல ஏறிட்டேன். பஞ்சவர்ணத்துக்கு ஒண்ணும் தெரியாது. மத்தியானச் சோறு கொண்டாரும்போது செவத்தப் பாத்துருவாளேன்னு, 'சோறு வேணாம், கடைப்பக்கம் வராத, வெளிய வேல இருக்கு'ன்னு போன்ல சொல்லிட்டேன். சினிமாவா இருந்துட்டா அவள எதுக்கு அழுக விடணும்? மாலை எதுவும் வாங்கல. வாங்குனா நெசமாயிரும்ல. வேட்டிதான் இருக்கு. வேட்டி நல்லதுக்கும் ஆகும், கெட்டதுக்கும் ஆகும்.

இந்தாங்க தம்பி, போனு. நீங்க படிச்ச புள்ள, கண்ணு நல்லா இருக்கும். கொட்டை எழுத்து எனக்கே தெரியுது, அது வேணாம். வெரல வச்சு எப்பிடியோ பெருசாக்குவீங்கள்ல, அப்பிடி ஆக்குங்க. அடியில, ஓரமா ஒரு வரி தெரியுதா? அதுல என்ன போட்டிருக்கு? 'விரைவில்'னு இருக்கா? தியேட்டர் பேரு ஏதாச்சும்?

மெதுவாப் பாருங்க. வண்டி குலுங்குது.

அச்சகத்துப் பேரா? அது எல்லாப் போஸ்டர்லயும் இருக்கும். அதுக்கு மேல?

நல்லடக்கம் நாலு மணிக்கா.

இன்னைக்குத்தானா? தேதி இன்னைக்குத்தான் போட்டிருக்கா? இன்னொரு தடவ பாருங்க.

சரி. குடுங்க தம்பி.

இல்ல, இல்ல, ஒண்ணுமில்ல. கண்டக்டரே, இந்த ஸ்டாப்புல என்னைய எறக்கி விடுங்க. இல்ல, ஊரு வரல, தெரியும், திரும்பிப் போகணும். அவ அங்க ஒலைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. இப்பப் போனா நாலு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துரலாம், வந்துரலாம்ல தம்பி? அண்ணன் மொகத்தப் பாத்துருவால்ல? அவ முன்னாடி போகட்டும், நான் பின்னாடியே போய்க்கிறேன். கீழ விழுந்துருச்சு பாருங்க, அந்தப் பைய எடுங்க, மச்சானுக்கு எடுத்த வேட்டி. அவ அந்தப் பச்சச் சேலையத்தான் கட்டுவேன்னு நிப்பா. கட்டட்டும். இந்தத் தடவ நான் வாயத் தெறக்க மாட்டேன்.